கடைக்குப் போகும்போது கையில் ஒரு பை

இம்மாதப் பாடம் சொப்பிங் பேக்.

சம்பள நாளில் சீனிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று என்று வீட்டில் பை குவிகிறது. ஈர விறகு பற்றாவிட்டால் அதையே அடுப்பில் போடுகிறோம். அது நச்சுப் புகை. ஒற்றை லயத்து அறையில் கைக்குழந்தையும் அதைத்தான் சுவாசிக்குது. கானில் எறிந்தால் தண்ணி தேங்கி நுளம்பு பெருகும்.

2007இல் அரசாங்கம் மெல்லிய பொலித்தீனையும், 2017இல் லஞ்ச் சீட்டையும் தடை செய்தது. 2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. ஆக, இனி அது நம் காசு.

நம் முன்னோர் பலர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கி, கால்நடையாக மலைநாட்டுக்கு வந்தவர்கள். அரிப்புக்குப் பக்கத்து நானாட்டானைப் பாருங்கள். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியில் நெல் விளையும் ஊர். மன்னார்ப் பக்கம் பனைக்குக் குறைவில்லை. ஓலையில் பெட்டியும் கடகமும் பின்னுவார்கள். பழசானால் மண்ணோடு மக்கிவிடும்.

நமக்குப் பனை இல்லை, பழைய சாரம் இருக்குதே! செய்ய வேண்டியவை:

1. பழைய சாரத்தில் இரண்டு பை தைத்துக் கதவருகே மாட்டுங்கள்.
2. கருவாட்டுக்கு மூடியுள்ள டப்பா கொண்டுபோங்கள்.
3. உரச் சாக்கில் சாப்பாட்டுச் சாமான் வேண்டாம்.
4. அடுப்புப் பற்றவைக்கக் காய்ந்த தேயிலைக் குச்சி சேர்த்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு வேலை: ஒரு வாரம் வீட்டுக்கு வந்த பைகளை எண்ணி, அடுத்த வாரம் குறைந்ததா என்று பாருங்கள்.