மெல்லிய மடிக்கணினிக்கு ஆண்டிவைரஸ் வேண்டுமா?

கேள்வி: மகளின் படிப்புக்காக எடை குறைந்த மடிக்கணினி வாங்கினோம். நினைவகம் 4 ஜிபிதான். கடைக்காரர் ஆண்டிவைரஸும் வாங்கச் சொல்கிறார். அவசியமா?
– ஒரு வாசகி, லிங்கி, நெகிரி செம்பிலான்

பதில்: பாதுகாப்பு அவசியம். அதற்குத் தனியாக ரிங்கிட் செலவழிப்பது அவசியமில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாகவே வருகிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். 4 ஜிபி நினைவகத்தில் கூடுதல் மென்பொருள் ஏறினால் கணினி மூச்சு வாங்கும். சோதனைக் கால ஆண்டிவைரஸ் ஏதாவது ஏற்கெனவே இருந்தால், தவணை முடிந்ததும் நீக்கிவிடலாம், டிஃபெண்டர் பொறுப்பேற்கும். குரோம்புக் என்றால் அதன் கட்டமைப்பிலேயே பாதுகாப்பு உண்டு.

அப்டேட் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ என்ற தீம்பொருள் 150 நாடுகளுக்குமேல் பரவிக் கணினிகளை முடக்கியது; பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், பழைய கணினி வாங்கியவர்கள் 11க்கு மாற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கைப்பேசியையும் மறக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பைத் திறந்து, வங்கிப் பணத்தை இழந்தவர்கள் மலேசியாவில் உண்டு. அப்படி நடந்தால் உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும்.