ஏவலாளனைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்தெழுதும் பயிற்சியில் 'சேர்வன்ற்' என்னுஞ் சொல் வருமிடமெல்லாம் மாணாக்கர் 'வேலைக்காரன்' என்றே எழுதிவிடுகின்றனர். அகராதியில் முதற்கண் நிற்கும் பொருள் அதுவே. ஆதலின் அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயின், ஆசிரியராகிய நாமும் அதனையே சரியென்று விட்டுவிடின், 'சிவில் சேர்வன்ற்' என்பவர் யார் வீட்டு வேலைக்காரர் என்று ஒரு பிள்ளை வினவும்போது என் செய்வோம்? இலங்கையில் 1963 வரை நிலவிய சிவில் சேர்விஸிலிருந்து மாகாணமொன்றை ஆண்ட ஏசண்டுத் துரையும் அச்சொல்லின்படி ஒரு 'சேர்வன்ற்' அன்றோ! மேலதிகாரி குடியானவனுக்கு எழுதிய கடிதத்தின் ஈற்றிலும் தம்மை அவனுக்குக் கீழ்ப்படிவுள்ள 'சேர்வன்ற்' என்றே எழுதிக் கையொப்பமிட்டனர். அஃது உபசார வழக்கு. அதனைத் தமிழில் 'வேலைக்காரன்' என்றால் நகைப்பே விளையும். 'இங்ஙனம்' என்பது போதும்.

இச்சொல்லுக்கு மூலம் இலத்தீனில் அடிமையைக் குறித்த 'சேர்வுஸ்' என்பதாம். அடிமைநிலையினின்றும் அது மெல்ல மேலேறியது. ஏவலாளர் பெயர்கள் இவ்வாறு ஏறுதலும் இறங்குதலும் ஆங்கிலத்தில் மிகுதி. 'நைற்', 'நேவ்' என்னும் இரண்டும் பழைய ஆங்கிலத்திற் சிறுவனையும் ஏவற்பையனையும் குறித்தனவே. முன்னது வீரர்க்குரிய பட்டமாயிற்று. பின்னது கயவனுக்குப் பெயராயிற்று. ஜேர்மானிய பாஷையில் முன்னதன் இனச்சொல் இன்றும் ஏவலாளனையும், பின்னதன் இனச்சொல் சிறுவனையும் உணர்த்தி நிற்கின்றன. 'மீனியல்' என்பது வீட்டைச் சார்ந்தவன் என்ற அளவில் நின்ற சொல். இப்பொழுது இழிவு தொனித்தலால் அதனை எவர்மாட்டும் வழங்கலாகாது.

'மினிஸ்ரர்' என்பதோ இலத்தீனில் சிறியோன், ஏவல் செய்வோன் எனப் பொருள்படும். அதற்கு எதிராய்ப் பெரியோனைக் குறித்த 'மஜிஸ்ரர்' என்பதிலிருந்தே 'மாஸ்ரர்' வந்தது. ஊரார் நம்மை 'மாஸ்ரர்' என்று அழைப்பதனால், சொல்லளவிலேனும் நாம் மந்திரிமார்க்கு மேற்பட்டோரே. சம்பளப் பட்டியல் இவ்விலக்கணத்தை ஒப்புவதில்லை.

தமிழில் இவ்வேறுபாடு வேறு வகையாய் அமைந்துள்ளது. வேலைக்காரன் கூலி கருதுவான். ஏவலன் கட்டளைக்கு அமைவான். தொண்டன் தன் விருப்பினாலே செய்வான். ஆகவே பெயர்க்குமுன், இவன் எதுபற்றிப் பணிசெய்கின்றான் என்று பிள்ளைகளை வினவுக. கடவுளுக்குச் 'சேர்வன்ற்' என வருமிடத்து 'அடியார்' என்பதே ஏற்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது இடர் மறுதலையாகும். 'அடிமை' என வந்தவிடமெல்லாம் 'ஸ்லேவ்' என்றெழுதின் அன்பின் சுவை கெடும். எனினும் அச்சொல்லே வேண்டப்படும் இடமும் உண்டு. பெரியபுராணத்திலே, சுந்தரமூர்த்தி நாயனாரின் மணத்தைத் தடுத்த முதிய வேதியர் காட்டியது, பாட்டனார் தம்மையும் தம் வழியினரையும் அடிமையாக எழுதிக்கொடுத்த ஆளோலை. அங்கே 'சேர்வன்ற்' என்று எழுதினால் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கிற்கே இடமில்லை. வேலைக்காரன் வேலையை விட்டுப் போகலாம், ஓலைக்கு உட்பட்டவன் போதல் கூடாது.