கையில் உள்ள தொழில், கைத்தொலைபேசியில் சந்தை: கடன் இல்லாமல் தொடங்கும் வழி

முள்ளிவாய்க்காலுக்கு மீளத் திரும்பிய பல குடும்பங்களில் பனையோலை வேலை தெரிந்த ஒருவராவது இருப்பார். கடகம், நீத்துப்பெட்டி, சுளகு என்று வீட்டுத் தேவைக்குப் பின்னிய அதே கை, கைப்பையும் பரிசுப் பெட்டியும் பின்னும். வாங்குபவர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். கையில் தொழிலும் வீட்டில் ஒரு கைத்தொலைபேசியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

1. கடனோடு தொடங்காதீர்கள்

வீட்டு வாசலில் கிடைக்கும் நுண்கடனால் வட மாகாணத்தில் பல பெண்கள் பெரும் துன்பப்பட்டார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கிழமைக்கு ஒருமுறை தவணை கட்ட வேண்டும். ஆனால் கைவினைப் பொருள் கிழமைக்கு ஒருமுறை விலைப்படும் என்று சொல்ல முடியாது. எனவே முதலில் மூன்று மாதிரிகள் மட்டும் செய்யுங்கள். கட்டளை கிடைத்த பின் அதற்குத் தேவையான ஓலையும் சாயமும் வாங்குங்கள். வரும் காசில் ஒரு பங்கை அடுத்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

2. ஓலையைக் கவனியுங்கள்

நுண்ணிய வேலைக்குக் குருத்தோலை நல்லது. ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்து வெட்டினால் மரம் நலியும். போரில் எத்தனையோ பனைகளை இழந்த மண் இது. இருக்கும் வடலிகளை வளர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஓலை எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வெயிற் காலத்திலேயே நன்றாக உலர்த்திக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வாங்கியவர் பொதியைப் பிரிக்கும்போது பூஞ்சணம் மணத்தால், அவர் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார்.

3. உங்கள் உழைப்புக்கும் விலை போடுங்கள்

பலர் ஓலைக்கும் சாயத்துக்கும் மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு, தங்கள் நேரத்தைச் சும்மா கொடுக்கிறார்கள். ஐந்து மணித்தியாலம் எடுக்கும் ஒரு கைப்பைக்கு இப்படிக் கணக்கிடலாம் (தொகைகள் உதாரணம் மட்டுமே):

- ஓலை: 150 ரூபா
- சாயம்: 50 ரூபா
- பொதி செய்யும் பொருட்கள்: 100 ரூபா
- கூலி, மணிக்கு 200 ரூபா வீதம்: 1000 ரூபா
- கழிவு, தொலைபேசிச் செலவு: 150 ரூபா
- மொத்தம்: 1450 ரூபா

தபாற் செலவைத் தனியாகச் சொல்லுங்கள். இதற்குக் குறைத்துக் கேட்டால், உங்கள் கூலியைக் குறைக்காமல் சிறிய பை ஒன்றைக் காட்டுங்கள்.

4. செலவில்லாத விளம்பரம்

- காலை வெளிச்சத்தில், விறாந்தையில், வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் படம் எடுங்கள். முன்பக்கம், உட்பக்கம், கைபிடி என மூன்று படம் போதும்.
- நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். விலையையும், செய்து முடிக்க எத்தனை நாள் என்பதையும் சேருங்கள்.
- வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியும் முகநூல் பக்கமும் இலவசம். இரண்டிலும் ஒரே பெயரையே பயன்படுத்துங்கள்.
- வெளிநாட்டு உறவினரிடம் காசு கேட்பதற்குப் பதிலாக, "இந்தப் படத்தை ஐந்து பேருக்குக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கலியாணம், சாமத்திய வீடு போன்றவற்றுக்குப் பரிசுப் பெட்டிகள் தேவைப்படும். இரண்டு மாதம் முன்னரே கேட்டு வையுங்கள்.

இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் சிலர் உங்கள் இழப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். பொருளை விற்பதற்காகத் துயரத்தையோ பிள்ளைகளின் படங்களையோ போட வேண்டியதில்லை. இரக்கத்தில் வாங்குபவர் பெரும்பாலும் ஒருமுறைதான் வாங்குவார். பின்னல் நன்றாக இருந்தால் திரும்பவும் வருவார்.

5. காசும் பொதியும்

- பாதிக் காசை முற்பணமாகப் பெறுங்கள். காசு அனுப்பியதாக வரும் படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவாகியிருப்பதைப் பார்த்த பின் ஓலையை எடுங்கள்.
- தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பவரிடம் கவனமாக இருங்கள்.
- பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள்.
- அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தாவரப் பொருட்களுக்குக் கடுமையான சோதனை உண்டு. அங்கிருந்து கட்டளை வந்தால், அந்நாட்டு விதியை முதலில் விசாரித்துச் சொல்லும்படி வாங்குபவரிடம் கேளுங்கள்.

6. தனியாகச் செய்ய வேண்டாம்

ஐம்பது பெட்டிக்குக் கட்டளை வந்தால் ஒருவரால் முடியாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான்கைந்து பேர் சேருங்கள். எல்லாரும் ஒரே அளவு மாதிரியை வைத்துப் பின்னுங்கள். யார் எத்தனை செய்தார், எவ்வளவு பெற்றார் என்பதை ஒரே கொப்பியில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். பயிற்சி பற்றி, 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடம் விசாரிக்கலாம். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குக் கரைத்துறைப்பற்றுப் பிரதேச செயலகத்தை நாடுங்கள்.

இந்தக் கிழமை செய்து பாருங்கள்

1. உங்களுக்கு நன்றாகப் பின்ன வரும் ஒரு பொருளைத் தெரிவு செய்யுங்கள்.
2. அதைச் செய்ய எடுத்த நேரத்தைக் குறித்து, மேலே காட்டியபடி விலை போடுங்கள்.
3. மூன்று படம் எடுத்து, ஐந்து பேருக்கு அனுப்புங்கள்.
4. அவர்கள் சொன்ன குறைகளைக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த பொருளை அதைப் பார்த்துத் திருத்திச் செய்யுங்கள்.