பூவை வெயிலில் போடாதீர்கள்

பூச்சாடியில் அடுக்குவதற்காகப் பூக்களை உலர்த்தும் பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரே அறிவுரைதான் கேட்கிறது: "மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போடு, நிறம் நிற்கும், பூஞ்சணமும் பிடிக்காது." வத்தல் போட்ட அனுபவத்தைப் பூவின் தலையில் கட்டுகிற பேச்சு இது. வத்தலுக்கு ஈரம் போனால் போதும். பூவுக்கோ ஈரம் போகவேண்டும், நிறம் போகக்கூடாது. ரோஜாவின் சிவப்பு ஆந்தோசயனின், சாமந்தியின் மஞ்சள் கரோட்டினாய்டு; இரண்டுமே ஒளி பட்டுச் சிதையும் நிறமிகள். செடியில் இருக்கும்போது வெயிலில்தானே பூத்தது என்று கேட்பார்கள். உயிருள்ள இதழுக்குத் தன் நிறமியைக் காத்துக்கொள்ளும் வழிகள் உண்டு. பறித்து உலரும் இதழுக்கு அவை இல்லை; போன நிறம் போனதுதான். போதாக்குறைக்கு, சுடுவெயிலில் மெல்லிய விளிம்பு முதலிலும் தடித்த அடிப்பகுதி பிறகும் காய்வதால் இதழ் சுருண்டு உருக்குலைகிறது.

"எங்கள் ஊர்க் கடற்காற்றில் நிழலில் வைத்தால் பூஞ்சணம் பூக்கிறதே" என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பூஞ்சணத்தை வளர்ப்பது தேங்கிய ஈரம். அதற்கு மருந்து உலர்ந்த, ஓடும் காற்று. பனி உலர்ந்த பிறகு, முழுதாக விரிவதற்குச் சற்று முன் பறித்து, கீழிலைகளை உருவி, சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டி, இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். ரோஜா போன்ற சதைப்பற்றுள்ள பூவை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லுக்குள் புதைத்தால் அதே கடற்கரை ஊரிலும் உலரும். உலர்பூ ஏற்றுமதிக்குப் பேர்போன தூத்துக்குடியில் வெயிலில்தானே காயவைக்கிறார்கள் என்று வாதிடுவோர், அங்கே காய்வது என்னவென்று பார்க்கட்டும். பெரும்பாலும் காய்கள், நெற்றுகள், தண்டுகள், ஓலைகள். அவற்றில் பலவற்றை வெளுத்து, சாயம் ஏற்றித்தான் விற்கிறார்கள். இயற்கை நிறத்தைக் காக்கவேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தை எப்படிச் சான்றாகக் காட்டுவது?

மற்ற கதைகளுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். உலர்ந்த பூ என்றென்றும் இருக்காது. நேர்வெயில் படாமல் வைத்தாலும் மெல்ல மங்கும். சிவப்பு ரோஜா கருப்பது கைப்பக்குவக் குறையல்ல. நீர் வற்ற நிறமி செறிந்து இருள்கிறது, ஆகவே இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். முடிக்கு அடிக்கும் ஸ்பிரே இதழ் உதிர்வதைக் குறைக்கும், நிறத்தைக் காக்காது.

காட்டுப்பூதான் அழகு என்று மலையேறிப் பறிக்கும் பழக்கத்தை மட்டும் சும்மா விடமுடியாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, மடிந்துபோகும் செடி. பூவோடு பறிக்கப்படுவது அதன் ஒரே விதைப்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் அது பாதுகாக்கப்பட்ட தாவரமாகவும் சேர்ந்துவிட்டது. உலர்த்திப் பழக வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இருக்கின்றன. வாடாமல்லியின் பூவடிச்செதில்கள் செடியிலேயே காகிதம்போல் உலர்ந்தவை. நிழலில் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் காயும். ஒரு தொட்டியில் விதைத்து வளர்த்து, அதைப் பறியுங்கள். காட்டில் இருப்பதைக் காட்டுக்கே விட்டுவிடுங்கள்.