குருதியைத் திருத்திய பாஸ்பரஸ்

இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்தால் சோகை. மிகுந்தாலும் நோய்தான், தெரியுமா? பாலிசைதீமியா என்னும் அந்நோயில் குருதி குழம்பாகத் தடித்துக் குழாய்களை அடைத்துவிடக்கூடும். அணுக்கள் உண்டாகும் இடமோ எலும்பு மஜ்ஜை. அதை எப்படி அடக்குவது?

அமெரிக்காவில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் உண்டான பாஸ்பரஸ்-32ஐ, அவருடைய தம்பி மருத்துவர் ஜான் இரத்தப் புற்றுநோயாளிக்குக் கொடுத்தார், பின்னர் பாலிசைதீமியாவுக்கும். எலும்பும், விரைந்து பெருகும் செல்களும் பாஸ்பரஸை மிகுதியாக ஏற்கும். அதிலிருந்து வெளிப்படும் பீட்டா துகள் திசுவில் சில மில்லிமீட்டரே செல்லும். ஆகவே அடி முக்கியமாக மஜ்ஜைக்கே. அரை ஆயுட்காலம் 14.3 நாள். 57 நாளில் எவ்வளவு எஞ்சும்? கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 16இல் 1 பங்கு.

ஆனால், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இக்கதிர்களாலேயே இரத்தப் புற்று தோன்றியது. இன்று மாத்திரைகளே பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன.