பள்ளிச் சம்பளம் கட்டினால் போதுமா?



ஆகஸ்டு மாதம் 27-ம் தேதி அர்ச். மோனிக்கம்மாள் திருநாள். மறுநாள் அவள் மகன் அர்ச். அகுஸ்தீனாருடைய திருநாள். மகனுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்த தாய் என்று அம்மாளைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அந்த மகன் பள்ளிக்கூடம் போன கதையையோ அதிகம் பேர் கேட்டதில்லை. அவர் மேற்றிராணியாரான பின் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினபோது, சிறுவனாய்ப் படித்த நாட்களையும் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்.

அவர் 354-ம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இப்போது அது அல்ஜீரியா தேசத்தில் இருக்கிறது. தகப்பன் பத்ரீசியார் பெரிய பணக்காரர் அல்லர். மகன் கெட்டிக்காரன் என்று கண்டு, மதௌரா என்ற ஊருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். பையனுக்கு 16 வயதானபோது கையில் பணமில்லை, படிப்பு நின்றது. ஒரு வருஷம் பையன் வீட்டில் சும்மா இருந்தான். அந்த நாட்களில்தான் கெட்ட சிநேகிதரோடு கூடி, இரவில் அடுத்தவர் மரத்துப் பேரிக்காய்களை உலுக்கித் திருடினான். தின்பதற்காகவா? இல்லை, பெரும்பாலும் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். தகப்பன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? மகனைக் கார்த்தேஜ் பட்டணத்துக்கு அனுப்பப் பணம் சேர்த்துக் கொண்டிருந்தார். சக்திக்கு மிஞ்சிச் செலவு செய்கிறாரே என்று ஊரார் அவரைப் புகழ்ந்தார்களாம். ஆனால் நான் சர்வேசுரனுக்கு முன்பாக எப்படி வளருகிறேன் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்று அந்த மகனே பிற்பாடு எழுதுகிறார்.

நகையை அடகு வைத்துப் பள்ளிச் சம்பளம் கட்டுகிற தாய்மாரும், அயல்நாட்டு வெயிலில் நின்று பணம் அனுப்புகிற தகப்பன்மாரும் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அந்தத் தியாகத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் வாய் வராது. பத்ரீசியாரின் பணமும் வீண்போகவில்லை. அந்தப் படிப்புத்தானே பிறகு திருச்சபைக்குப் பயன்பட்டது! ஆனாலும் பணத்தைக் கட்டிவிட்டு, மீதியைப் பள்ளிக்கூடமும் டியூஷன் வாத்தியாரும் பார்த்துக் கொள்வார்கள் என்று நிம்மதியாய் இருந்துவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து. உங்கள் மகனுக்கு எந்தப் பாடம் கஷ்டம்? மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பெண் யார்? வகுப்பு ஆசிரியை பெயர் என்ன? இம்மூன்றுக்கும் உடனே பதில் சொல்லத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால், நம் கோயிலில் எத்தனை கை உயரும்? தகப்பன்மார் பக்கம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் தாய்மார்தானே போகிறார்கள்!

திருக்குடும்பத்திலும் ஒருநாள் இப்படி நடந்ததென்று லூக்காஸ் சுவிசேஷம் 2-ம் அதிகாரம் சொல்லுகிறது. பாஸ்கா திருநாள் முடிந்து திரும்பும்போது, பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஒருநாள் பயணம் நடந்துவிட்டார்கள். அவர்கள் அசட்டையுள்ளவர்கள் அல்லர். உறவினரும் ஊராரும் கூட இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான். ஆனால் பிள்ளையைக் காணோம் என்று தெரிந்ததும், ஆள் அனுப்பவில்லை. இரண்டு பேருமே திரும்பி நடந்தார்கள். மூன்று நாளுக்குப் பின் கண்டது எங்கே? போதகர்கள் நடுவில், கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிற பிள்ளையாக.

மறுபடி அகுஸ்தீனாரிடம் வருவோம். சிறுவனாய் இருந்தபோது, பள்ளியில் அடி விழாதபடி காக்க வேண்டுமென்று சர்வேசுரனிடம் உருக்கமாய் வேண்டிக்கொள்வாராம். அடிபட்டு வந்ததைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சிரித்தார்கள். நம் ஊரிலும் “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், சார்” என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்த தகப்பன்மார் உண்டு. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடிபட்டு வருகிற பிள்ளை வீட்டில் வாய் திறந்து சொல்லக்கூடுமா என்பது உங்கள் முகத்தைப் பொறுத்தது.

இன்னொன்றும் அவர் எழுதுகிறார். கிரேக்க மொழி அவருக்கு வேப்பங்காய், பயமுறுத்திக் கற்பித்தார்கள். இலத்தீன் மொழியோ, தாதிமார் கொஞ்சிப் பேசுவதையும் வீட்டார் சிரித்து விளையாடுவதையும் கேட்டே தானாக வந்துவிட்டது. எழுத்து வாசனை இல்லாத பெற்றோர் இதை நன்றாய் மனதில் வைக்க வேண்டும். “நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?” என்று சொல்லி ஒதுங்குகிறீர்கள். இராச் சாப்பாட்டுக்குப் பின் டெலிவிஷனையும் செல்போனையும் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, “இன்றைக்கு வாசித்ததை எனக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டு” என்று கேளுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். புரியாததை, “அதென்னடா, எனக்குச் சொல்லு” என்று கேட்டால், சொல்லுகிறவன் இரண்டாந்தரம் படித்தவனாகிறான். சந்தைக் கணக்கு, வட்டிக் கணக்கு, வலைக்கும் விதைக்கும் ஆன செலவு, இவை உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த வாத்தியாருக்கும் தெரியாது. அதையும் பிள்ளையோடு பேசுங்கள். படித்த ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ இருந்தால், அவர்களை வருஷத்துக்கு ஒரு புதுச் சட்டையோடு விட்டுவிடாதேயுங்கள்.

பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்றும், அவர்கள் தவறினால் அந்த இடத்தை வேறொருவர் நிரப்புவது அரிதென்றும் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி அறிக்கையிட்டது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பெற்றோர் ஆசிரியரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், ஆசிரியரும் பெற்றோர் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும் என்கிறது. ஆகையால் மார்க்குக் குறைந்த பிறகு சண்டைக்குப் போவதைவிட, வருஷ ஆரம்பத்திலேயே ஒருதரம் போய் வகுப்பு ஆசிரியரை வணங்கி, “நான் இன்னார் தகப்பன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மேற்சொன்ன கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர் பெற்றோராய் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். நமக்கென்ன என்று இருந்தால் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும்.

அகுஸ்தீனாருக்கும் ஒரு மகன் இருந்தான், பெயர் அதேயோதாத்துஸ். தகப்பனும் மகனும் 387-ம் ஆண்டு பாஸ்கு இரவில் மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர் திரும்பின பின், தகப்பன் மகனோடு உட்கார்ந்து பேசினார்: சொற்கள் எப்படி அறிவு தருகின்றன, உண்மையில் கற்பிக்கிறவர் யார் என்று. பையன் மறுத்தும் சொல்லுவான், தகப்பன் மேலும் கேட்பார். அந்தச் சம்பாஷணை ஒரு நூலாகவே இருக்கிறது. பையன் அற்ப ஆயுசில் இறந்து போனான். அதில் அவன் வாயில் வருகிற கருத்தெல்லாம் அவனுடைய சொந்தக் கருத்துக்களே என்று தகப்பன் பிறகு எழுதி வைத்தார். அப்போது அவனுக்கு வயது 16.