பனையைச் சுற்றி வளரும் ஆல்: பழைய இணையச் சேவையைப் புதிய தளத்தோடு இணைப்பது எப்படி?

வாசுதேவநல்லூரில் ஒரு இ-சேவை மையம் என்று வைத்துக்கொள்வோம். பயிர்க்கடனுக்கு மனு கொடுத்திருக்கும் எலுமிச்சை விவசாயி ஒருவர் சிட்டா நகல் எடுக்க வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் சர்வே எண்ணைத் தட்டிவிட்டுச் சொல்கிறார்:

"தாத்தா, இந்த நம்பருக்குப் பதிவு எதுவும் இல்லைன்னு வருது."

"என்ன தாயி சொல்லுத? நாப்பது வருசமா தீர்வை கட்டிட்டு வாரேன்."

நிலமும் இருக்கிறது, பதிவும் இருக்கிறது. அந்த நேரத்தில் பழைய சர்வர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் புதிய இணையதளம் அதை "பதிவு இல்லை" என்று மொழிபெயர்த்துவிட்டது. கடன் மனுவுக்குக் கெடு இன்றைக்கு என்றால், இந்த இரண்டு வார்த்தைகளால் ஒருவருக்கு ஒரு போகமே போய்விடலாம். பழைய சேவைகளைப் புதிய தளத்தோடு இணைப்பது ஏதோ கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான்.

முதலில் பழையது என்றால் எது? நம் மாநிலத்தில் பத்திரப்பதிவுக்கான 'ஸ்டார்' திட்டம் 2000-ல் தொடங்கியது. அதன் இரண்டாம் பதிப்பான 'ஸ்டார் 2.0' 2018 பிப்ரவரியில் வந்தது. வருவாய்த் துறையின் நில ஆவணங்கள் 'தமிழ் நிலம்' மென்பொருளில் இருக்கின்றன. பத்திரம் பதிவானதும் விவரம் பட்டா மாறுதலுக்காக வருவாய்த் துறைக்கு இணையம் வழியாகப் போகிறது. இப்படி வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளில் உருவான அமைப்புகள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருக்கிறது.

2000-களில் உலகம் முழுக்க இப்படிப் பேசிக்கொள்ளப் பயன்பட்ட முறைக்கு 'சோப்' என்று பெயர். (இதழியல் படித்த எனக்குச் சோப் என்றால் குளிக்கிற சோப்புதான். மென்பொருள் நண்பர் ஒருவர் இரண்டு டீ செலவில் புரியவைத்தார்.) இதில் ஒவ்வொரு கேள்வியும் 'எக்ஸ்எம்எல்' என்ற வடிவத்தில், உறைக்குள் வைத்த கடிதம் மாதிரிப் போகும். என்னென்ன கேட்கலாம், எந்த வரிசையில் கேட்கலாம் என்பதற்கு 'டபிள்யுஎஸ்டிஎல்' என்று ஒரு ஒப்பந்தக் கோப்பு உண்டு. இன்றைய செயலிகள் பெரும்பாலும் 'ரெஸ்ட்' முறையில், 'ஜேசான்' என்ற இலகுவான வடிவத்தில் பேசுகின்றன. முன்னது முத்திரைத்தாள் என்றால் பின்னது துண்டுச்சீட்டு.

பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன? எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஆனால் பழைய மென்பொருளுக்குள் இருபது வருட விதிகளும் விதிவிலக்குகளும் ஊறிக் கிடக்கின்றன. பாதி இடங்களில் அவற்றை எழுதியவரே இப்போது இல்லை. மாற்றுகிற நாளில் சேவையை நிறுத்தவும் முடியாது. மார்ட்டின் ஃபவுலர் என்ற மென்பொருள் வல்லுநர் 2004-ல் இதற்கு ஒரு வழி எழுதினார். ஆஸ்திரேலியக் காட்டில், வேறொரு மரத்தின்மேல் முளைத்து, விழுது இறக்கி, மெல்ல அதைச் சூழ்ந்துகொள்ளும் அத்தி வகை மரங்களைப் பார்த்து வந்த யோசனை அது. தென்காசிப் பக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனையின் மட்டை இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து ஆல் வளர்ந்து, பனையையே கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்துத்தானே வளர்ந்திருக்கிறோம்! புதிய தளம் முதலில் பழையதன்மேல் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சேவையாகத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும். கடைசிச் சேவையும் வந்த பிறகுதான் பழையதற்கு ஓய்வு.

அதுவரை நடுவில் ஒரு துபாஷி வேண்டும். புதுச்சேரியில் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி. மென்பொருளில் இதை 'அடாப்டர்' என்பார்கள். ஸ்பிரிங் பூட், டாட்நெட், ஜாங்கோ, லாராவெல் என்று புதிய தளம் எதில் கட்டப்பட்டாலும், சோப் கடிதம் எழுதும் வேலை முழுக்க இந்த ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக் கோப்பைக் கொடுத்தால் அதற்கான நிரலைத் தானே எழுதித்தரும் கருவிகள் உண்டு. ஜாங்கோவுக்கு பைத்தானின் 'ஸீப்' நூலகம் போதும். திரைக்கான நிரலில் பழைய பெயர்கள் ஒன்றுகூட எட்டிப்பார்க்கக் கூடாது. நாளைக்குப் பழைய சேவை மாறினால் துபாஷியை மட்டும் மாற்றினால் போதும் அல்லவா?

அந்தத் துபாஷி கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், மேலே தாத்தாவுக்கு நடந்தது. பழைய சேவைகள் பல, உள்ளே கோளாறு என்றாலும் "எல்லாம் சரி" என்ற குறியீட்டோடு வெறும் பதிலை அனுப்பிவிடும். வெறும் பதில் வந்தால் 'பதிவு இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'தேடினேன், இல்லை' என்பது ஒரு பதில். 'தேடவே முடியவில்லை' என்பது வேறு பதில். இரண்டாவது வந்தால் திரையில் "நில ஆவணச் சேவை இப்போது கிடைக்கவில்லை, சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று தெளிவாக வர வேண்டும். எத்தனை விநாடி காத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஊர்ப்பெயர். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. வாசுதேவநல்லூர் இருக்கும் சிவகிரி வட்டமும் கூடவே வந்தது. 2012-ல் எழுதிய பத்திரத்தில் "திருநெல்வேலி மாவட்டம், சிவகிரி வட்டம்" என்றுதான் இருக்கும். இன்று தேடும்போது தென்காசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலம் நகரவில்லை, பெயர்தான் நகர்ந்தது. ஆகவே துபாஷியிடம் ஓர் அட்டவணை வேண்டும்: இந்தப் பழைய குறியீடு, இந்தத் தேதி வரை, இந்தப் புதிய குறியீடு, இந்தத் தேதி முதல். தேதி இல்லாத அட்டவணை அடுத்த மாவட்டப் பிரிவினை வரைக்கும்தான் தாங்கும்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய தலைவலி. சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டைத் தொடர்ந்து 1999-ல் 'டாம்', 'டாப்' என்ற எழுத்துக் குறியாக்கங்களை அரசு ஏற்றது. 2010-ல் யூனிகோடு வந்தது. பழைய குறியாக்கத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. சங்கரன்கோவில் அம்மன் பெயரை வைத்திருக்கும் 'கோமதி'களை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். பழைய முறையில் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில், அதன் பின் 'ோ' என்ற ஒரே குறி. அரைகுறையாக மாற்றினால் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே நிற்கும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு இவர் வேறு கோமதி. பெயர் பொருந்தவில்லை என்று பட்டா மாறுதல் நின்றுவிடும்.

இதற்கு 'நார்மலைசேஷன்' என்ற சீராக்கம் இருக்கிறது. பெயர்கள் உள்ளே நுழையும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் 'கௌரி'யை 'கெ', 'ள', 'ரி' என்று தட்டி வைத்திருந்தால் இந்தச் சீராக்கம் உதவாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். 'நல்லூர்' என்பதை 'னல்லூர்' என்று அடித்து வைத்திருந்தால் அதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். சந்தேகமான பெயரை மென்பொருள் தானாகத் திருத்தக் கூடாது, தாலுகா அலுவலரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். நிலம் யாருடையது என்பதை நிரல் யூகிக்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாகக் கட்டண விஷயம். வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து 60 ரூபாய் செலுத்தியாயிற்று, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "வரலையே" என்று மறுபடி அழுத்துகிறோம். இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். தகவலைக் கேட்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். விண்ணப்பம் பதிவதை அப்படிச் செய்யக் கூடாது. அதனால் முதல் அழுத்தலிலேயே புதிய தளம் ஒரு தனி எண் கொடுத்து, விண்ணப்பத்தைத் தன்னிடம் வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சர்வர் விழித்ததும் அனுப்பலாம். அதே எண் மறுபடி வந்தால் பழைய ரசீதையே காட்ட வேண்டும்.

இது முழுதாக நடைமுறைக்கு வராத இடங்களில், மையத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிப்பவர்களும் ஒன்று செய்யலாம். பக்கம் நின்றுவிட்டால் மறுபடி அழுத்தாமல், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விண்ணப்ப நிலையைப் பாருங்கள். "பதிவு இல்லை" என்று வந்தால், பத்திரத்தை வைத்துக்கொண்டு மாவட்டம், வட்டம், கிராமம், உட்பிரிவு எண் நான்கையும் ஒருமுறை சரிபார்த்து, அரை மணி நேரம் கழித்துத் தேடிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் தாலுகா அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.